பொரிக்கு வைத்த பத்தியச் சோறு

லெந்து என்கிற தவக்காலத்து முதல் ஞாயிறு. சபையார் முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்தேன். "நாற்பது நாளும் கறி தொடமாட்டேன். முட்டையைக்கூட ஏறெடுத்துப் பார்க்கமாட்டேன்" என்று அறிக்கை விட்டேன். ஆலயத்தில் கை தட்டும் வழக்கமில்லை. இருந்திருந்தால் அந்த உற்சாகத்தில் தயிரையும் விட்டிருப்பேன். ஆயர் மகிழ்ந்துபோய், குருத்தோலை ஞாயிறு மாலைக் கூட்டத்தில் இச்சையடக்கத்தைப் பற்றி ஞானாபரணம் ஐயா பத்து நிமிடம் பேசுவார் என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

ஞானாபரணம் நான்தான். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி கிருபாவதி பள்ளி ஆசிரியை. முப்பது வருடமாக ஐந்தாம் வகுப்பை அடக்கி ஆள்கிறாள். பயிற்சி எடுப்பது வீட்டில், என்மேல்.

இரண்டாவது வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் கையில் ஒரு நாய் இருந்தது. கறுப்பு உடம்பு, முதுகெல்லாம் பொரி இறைத்தாற்போல வெள்ளைப் புள்ளி. பெயரும் பொரிதான். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் கிடந்ததை ஷைலா என்ற பெண் எடுத்துக் காப்பகத்தில் வளர்த்தாளாம். புது வீட்டுக்குப் பழக நாய்க்கு ஒரு மாதம் ஆகுமாம். ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம். பிறகு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் நாய் நமக்கு, போடாவிட்டால் காப்பகத்துக்கு.

"நம்முளுக்கு எதுக்கு கிருபா நாய்?"

"பையன் கிறிஸ்டோ பெங்களூர் போனதுல இருந்து ஊடு வெறிச்சுனு கிடக்குதுங்க. கதவத் தொறந்தா வாலாட்ட ஒரு ஜீவனில்லை."

"நான் இருக்கனே!"

"நீங்க ஆட்டறதில்லீங்களே."

வந்த விருந்தாளியாயிற்றே என்று அன்று மாலை ஒரு டம்ளர் பாலில் நாலு வர்க்கி ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தேன். விடிந்ததும் விளைவு தெரிந்தது. கூடத்தில் மூன்று இடம். என் சாய்வு நாற்காலிக்கு அடியில் ஒரு இடம். ஐந்தாவது இடத்தை நான் காலால்தான் கண்டுபிடித்தேன்.

"கிருபா, நல்லாக் கேட்டுக்கோ. இந்த ஊட்டுல ஒண்ணு நாய் இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்."

"அவசரப்படாதீங்க. ரெண்டு பேத்தையும் கொஞ்ச நாள் பாத்துட்டுச் சொல்றேனுங்க."

கெடு விதித்தேன். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாளுக்குள் வயிறு சரியாக வேண்டும். ஆகாவிட்டால் கையெழுத்துக் கிடையாது. அவள் முகம் வாடிப்போனது. எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் நான் விதித்த முதல் கெடு அது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கால்நடை டாக்டரிடம் போனோம். உள்ளே நாற்றம் அடிக்கும் என்று நான் ஸ்கூட்டரோடு வெளியிலேயே நின்றுகொண்டேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பால் ஆகாதுங்களாம். வர்க்கி ஆகவே ஆகாதாம். எவன் குடுத்தான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"பேரச் சொல்லலீங்க. வயசான ஒருத்தருன்னு மட்டும் சொன்னேன்."

"சரி, என்னதான் போடோணுமாம்?"

"கொழைய வெச்ச சோறு, வேக வெச்ச அரசாணிக்காய். அப்புறம்... எலும்பில்லாத கோழிக்கறி ஆறு துண்டு. உப்புக் காரம் எதுவும் ஆகாது."

"லெந்துல நம்மூட்டு அடுப்புல கோழியா?"

"சபதம் போட்டது நீங்கதானுங்க. பொரி மைக்கத் தொடவே இல்லை."

சனிக்கிழமை காலை சோற்றுத் தட்டையும், கறியை மட்டும் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்திலும் என் கையில் கொடுத்தாள். "ஆறுன பொறகு கலந்து வெச்சுருங்க" என்றாள்.

புறக்கடையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சூடு பார்க்க ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். அது மட்டும் ஆறியிருக்கலாமே என்ற சந்தேகத்தில் இரண்டாவது. எலும்பு இருக்கிறதா என்று பார்க்க மூன்றாவது. நாலாவதுக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது போய்விட்டது. ஆறாவதைப் பொரிக்கென்று கையில் எடுத்தேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். விருந்தாளிக்கு ஒற்றைத் துண்டு வைப்பது நம் கொங்கு நாட்டு மரியாதையா? நானே தின்றேன். பொரி சோற்றையும், அரசாணிக்காய் என்று நாங்கள் சொல்லும் மஞ்சள் பூசணியையும் தின்றுவிட்டுத் தட்டை நக்கியது.

கறி தொடமாட்டேன் என்றுதான் சபதம் செய்தேன், இது கறியல்ல, கால்நடை மருந்து என்று மனச்சாட்சியிடம் சொன்னேன். அதுவும் பசியோடுதான் இருந்தது போலிருக்கிறது. ஒப்புக்கொண்டது.

மூன்றாம் நாள் சட்டைப் பையில் உப்பு கொண்டுபோனேன். ஐந்தாம் நாள் மிளகுத்தூள். ஆறாம் நாள் மதில்மேல் ஒரு தலை முளைத்தது. அடுத்த வீட்டுக் குமாரசாமி.

"ஏனுங்க, நீங்க நாய்க்கு ஊட்டறீங்களா, நாய் உங்களுக்கு ஊட்டுதுங்களா?"

"ருசி பாத்தனுங்க. வாயில்லா ஜீவனுக்கு ஏனோதானோன்னு வெக்க முடியுமுங்களா?"

"கையில எலுமிச்சம்பழம் எதுக்குங்க?"

"அது... திருஷ்டிக்குங்க."

"கிறிஸ்தவங்களும் திருஷ்டி பாப்பீங்களா?"

"நாய் பாக்குமுங்க."

அன்று மாலை கிருபா மிளகு டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. அவளோ, "டாக்டர் போன் பண்ணாருங்க. இனிக் கறியில உப்பும் மிளகும் சேத்தலாமாம்" என்றாள். மறுவாரம் கறிவேப்பிலை தாளிக்கச் சொன்னாராம். அதற்கு மறுவாரம் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு, அசல் பள்ளிபாளையம் கோழி வறுவல் பக்குவத்தில் வந்தது. நாய் வைத்தியம் இந்த அளவுக்கு முன்னேறிவிட்டதே என்று வியந்தேன். மனிதர்களுக்கு இப்படி ஒரு டாக்டர் வாய்க்கவில்லையே என்ற ஏக்கமும் இருந்தது.

இதற்கிடையில் ஒரு பேரிடி. பொரியின் வயிறு சரியாகிவிட்டது. காலை நடைக்குக் கூட்டிப்போவது நான். கண்ணால் கண்டேன். கெட்டியாக, ஒழுங்காக, ஒரு குறை சொல்ல முடியாதபடி இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவசரமாகச் செய்தித்தாளைப் போட்டு மூடினேன்.

"இன்னைக்கு எப்படிங்க போச்சு?"

"தண்ணி, கண்ணு. சுத்தத் தண்ணி."

"அப்ப கோழி கேக்கலையாட்ட இருக்குது. நிறுத்திப்போடட்டுங்களா?"

"ஐயையோ! மருந்தப் பாதியில நிறுத்தலாமா?"

"உங்க கெடு வருதுங்களே. சரியாகாட்டி அனுப்போணுமின்னீங்க."

"கெடுவாவது கிடுவாவது! அந்த ஜீவனுக்கு நம்மள உட்டா யாரு இருக்கறாங்க?"

யோசித்துப் பாருங்கள். குணமாகிவிட்டது என்றால் கோழி நிற்கும். குணமாகவில்லை என்றால் நாய் போகும், கூடவே கோழியும் போகும். நாய் நிரந்தரமாக இருக்க வேண்டும், நோயும் நிரந்தரமாக இருக்க வேண்டும். ஒரே வழி கையெழுத்துதான்.

கெடு முடிகிற சனிக்கிழமை ஷைலா படிவத்தோடு வந்தாள். தினமும் காலை ஐந்து மணிக்கு நடத்திக் கூட்டிப்போவேன், குளிப்பாட்டுவேன், ஆயுசுக்கும் கைவிடமாட்டேன் என்று வரிசையாக எழுதியிருந்தது. கிருபா வாய் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. நானும் கொஞ்சம் உருகித்தான் போனேன். கேசரி எடுத்து வரச் சமையலறைக்குப் போனாள்.

ஷைலா, டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களாட்டம் கட்டுப்பாடான ஆளப் பாத்ததில்லீங்க சார். கோழி இதுக்குச் சேராது, ஒரு துண்டுகூடக் குடுக்காதீங்கன்னு டாக்டர் மொத நாளே எழுதியிருக்காரு. யாருமே கேக்க மாட்டாங்க, பாவமுன்னு போட்டுருவாங்க. நீங்க ஒரு துண்டுகூடப் போடலீன்னு டீச்சர் போன்ல சொன்னாங்க! அதான் குணமாயிருச்சு."

என் வாய் திறந்தது. அதற்குள் கேசரியை வைத்து அடைத்தாள் கிருபா. ஷைலாவை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தாள்.

"கிருபா... அப்ப இத்தன நாளு அந்தக் கோழி?"

"உங்களுக்குத்தானுங்க."

"அடிப்பாவி! நான் ஒரு துண்ட அதுக்குப் போட்டிருந்தா?"

"நீங்களா? மொத நாளு சன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் நின்னேன். ஆறாவது துண்டு கைக்கு வந்தப்ப ஓடி வர ஒரு கால எடுத்துப்போட்டேன். அதையும் நீங்களே போட்டுக்கிட்டீங்க. அப்பத்தான் நிம்மதியாச்சு."

"நாளைக்கு நான் இச்சையடக்கத்தப் பத்திப் பேசோணும்! என்னோட சபதத்த நீதான் கெடுத்த!"

"நான் கிண்ணத்தத்தான் வெச்சேன். திங்கச் சொன்னனுங்களா?"

பொரி வந்து என் காலடியில் சுருண்டு படுத்தது. கடைசி நம்பிக்கையோடு கேட்டேன்.

"நாளைக்கு மத்தியானம் என்ன?"

"அரசாணிக்காய். ரெண்டு பேத்துக்குமே."

பொரியைக் குனிந்து தடவிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்.

"புது ஊட்டுக்குப் பழக நாய்க்கு ஒரு மாசம் ஆகுமுன்னு ஷைலா சொன்னா. நீங்க மொதக் கிண்ணத்துலயே பழகிட்டீங்க."