இலை சொல்தாவின் தீர்ப்பு

எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில் காற்று கூட ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்து வீசியது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை இங்கே சொல்தா என்போம். இவர் இலை சொல்தா. பெயர் வைத்த புண்ணியவான் நான்.

விடிந்ததும் தெருவில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, தன் வாசலில் வகைவாரியாக அணிவகுக்க வைப்பார். விளிம்பில் ரம்பப் பல், அடி கோணல் என்றால் வேம்பு. நுனி வாலாக நீண்டால் அரசு. அடி குறுகி, நுனி அகன்று, உதிரும் முன் சிவந்தால் பாதாம். பிறகு எந்த வீட்டு மரமோ அந்த வீட்டில் பையோடு ஒப்படைத்து சல்யூட் அடிப்பார். கோயில் அரசிலைகளைக் குருக்களிடம் கொடுத்து, பிள்ளையாரிடம் சேர்க்கச் சொன்னார். வாங்க மறுத்தால் பாடம் தொடங்கும். அதற்குப் பயந்தே எல்லாரும் வாங்கினோம். பால்காரருக்குக்கூட இலை நரம்பு அத்துப்படியாயிற்று.

கல்லூரியில் பாடம் நடத்திய எனக்குப் பட்டாளத்துக்காரரிடம் பாடம் கேட்கப் பிடிக்கவில்லை. என் வீட்டில் பாதாம் மரம். பெரிய பை எனக்குத்தான். இது வேறு யார் வீட்டுப் பாதாமோ என்பேன்.

"இல்ல முசியே, ஒங்களுதுதான். ஒங்க வூட்டுப் பூச்சி கடிச்ச ஓட்டையப் பாருங்க" என்று மூக்கருகே நீட்டுவார்.

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு மங்கையின் மொட்டைமாடிக் குழாயை இலைகள் அடைத்து, தண்ணீர் கூடத்தில் இறங்கியது. என் மரத்தை வெட்ட வேண்டும் என்றாள். அது என் மனைவி வைத்த மரம். அவள் போன பிறகு வீட்டில் சத்தம் போடுவது அது ஒன்றுதான். தெரு கூடியது. இலை என் மரத்தினுடையது என்று சொல்தா சொன்னால் வெட்டுவது என்று முடிவாயிற்று.

"அவரு சொல்லட்டும். அவரு பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் மங்கை.

சொல்தா குழாயிலிருந்து எடுத்த இலையைத் திருப்பிப் பார்த்தார். அகன்ற நுனி, நல்ல சிவப்பு. அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"தேக்கு" என்றார்.

"தேக்கு எங்க சொல்தா இப்படிச் செவக்குது? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"தேக்குதாம்மா" என்றார், விறைப்பாக நின்றபடி.

தெருவே சிரித்தது. மங்கையும் சிரித்தாள். சிரித்த வாயால் மரத்தை வெட்டச் சொல்ல அவளால் முடியவில்லை. குழாய்க்கு வலை போட்டுத் தருகிறேன் என்றேன், ஒப்புக்கொண்டாள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். "சொல்தாவுக்குக் கண்ணு போச்சி" என்று முதலில் சொன்னதும் நான்தான்.

மறுநாள் முதல் யாரும் அவரிடம் பை வாங்கவில்லை. இதுவும் தேக்கா என்று பால்காரர்கூடக் கேட்டார். சொல்தா பொறுக்குவதையே விட்டுவிட்டார். உங்களுக்காகத்தான் சொன்னேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

மரம் நிற்கிறது. சிவந்து சிவந்து கொட்டுகிறது. புதிதாக வருகிறவர்கள் இது என்ன மரம் என்று கேட்டால், தேக்கு என்கிறேன்.