பிலாரம்மா சொன்ன ‘சீ’

பாசத்துக்குரிய மகள் டயானாவுக்கு, பட்டினப்பாக்கத்திலிருந்து உன் அம்மா தேசம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பாவும் மற்ற எல்லோரும் நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போய்விட்டது. நீ நலமா என்று கேட்பது முறை. கேட்க எனக்கு முகமில்லை. நீ போனை எடுக்காததால் இதை எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

கம்பெனி உன்னை நம்பி ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினுக்கே அனுப்பியிருக்கிறது, பரீட்சை முடிகிற வரைக்கும் பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுத்த அந்த வீட்டில்தான் நீ இருந்தாக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான், அன்றைக்கு வீடியோவில் பேசும்போது நீ அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று போனை வீட்டுக்கார பிலாரம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனதும், பெற்றவள் நாலு வார்த்தை மரியாதையாகப் பேசுவோம் என்று வாயைத் திறந்தேன். கடையில் வஞ்சிரம் வெட்டிக்கினு இருந்த நேரம், கையில் கத்தி. அந்தம்மாவுக்குத் தமிழ் வராதே என்று சைகையோடு கேட்டேன். சோறு பிசைந்து வாயில் வைத்துக் காட்டி, பொண்ணு ஒழுங்கா சாப்பிடுதா என்றேன். “சீ” என்றது. பெருக்குகிற மாதிரி காட்டி, கூடமாட ஒத்தாசை பண்ணுதா என்றேன். அதுக்கும் “சீ”. நீ இங்கே துடைப்பத்தைத் தொட்ட லட்சணம் எனக்குத் தெரியும் என்பதால் பொறுத்துக்கொண்டேன். கடைசியாக ரெண்டு விரலை ஒட்டவைத்து, இல்லாத மீசையை முறுக்கிக் காட்டி, பையன் கிய்யன் எவனோடயாவது சுத்துதா என்றேன். “சீ, சீ, சீ” என்று சிரித்தது. அப்பாடா, வேலை செய்யாட்டியும் நம்ம பொண்ணு அந்த விஷயத்துல தங்கம் என்று நெஞ்சு குளிர்ந்துபோய், நீ சொல்லிக்கொடுத்த “கிராசியாஸ்” சொல்லிக் கும்பிட்டேன். அதுக்கு அந்தம்மா சொன்ன பதில், “டே நாடா.”

என் காதில் “டேய், நடடா” என்றுதான் விழுந்தது. நன்றி சொன்ன பொம்பளையைப் பார்த்து, டேய்னு கூப்பிட்டு நடையைக் கட்டச் சொன்னா எவளுக்குத்தான் பொறுக்கும்? “யாரப் பாத்து இன்னா பேசற நீ? எம் பொண்ணு உன் வூட்ல கீதேன்னு பாக்கறேன்” என்று ஆரம்பித்தேன். மிச்சத்தை எழுத முடியாது, மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். என் வாய் பேசும்போது கை சும்மா இருக்காது, கையில் கத்தி இருந்ததை மறந்துட்டேன். மீன் வாங்க வந்தவங்க மீனை விட்டுட்டு என்னைப் பாத்துக்கினு நின்னாங்க. பிலாரம்மா ஒரு கத்து கத்தினாங்க, போன் கீழே விழுந்து, எனக்கு அந்த வீட்டுக் கூரை மட்டும் தெரிஞ்சது.

அப்புறம்தான் நீ அழுதுக்கினே பேசி அனுப்பினது வந்தது. “சீன்னா ஆமான்னு அர்த்தம்மா. டே நாடான்னா பரவாயில்ல, இருக்கட்டும்னு. அவங்க பயந்துபோய் கதவ சாத்திக்கினு உக்காந்துகிறாங்க. காலி பண்ணுன்னு சொல்லிட்டா நான் எங்கம்மா போவேன்?” இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பொண்ணை மெச்சின மகராசியையா நான் அந்தப் பேச்சு பேசினேன்? போதாததுக்கு உங்கப்பா கடற்கரை முழுக்கச் சொல்லிட்டார். கடைக்கு வர்றவங்க, “தேசம்மா, வஞ்சிரம் கீதா, சீயா?” என்று கேட்கிறார்கள். வெட்கமா இருக்குது மகளே, முக்காடு போட்டுக்கினுதான் வியாபாரம் பண்றேன்.

இதைப் பிலாரம்மாவுக்கு அவங்க பாஷையில் படித்துக் காட்டு. அம்மா, தப்பு எம்மேலதான். கத்தி மீனுக்கு, உங்களுக்கில்ல. எம் பொண்ணை வெளிய அனுப்பிடாதீங்க. நான் பேசினது எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. (டயானா, நான் என்ன பேசினேன்னு கேட்டா மட்டும் அர்த்தம் சொல்லிடாதே.)

வேளாங்கண்ணி மாதா உன் படிப்புக்கும் அவங்க நெஞ்சுத் தைரியத்துக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தவளை மாதிரி தன் வாயால் கெட்ட உன் அம்மா,
தேசம்மா

பின்குறிப்பு: போட்டோ எடுக்கும் முன் எழுதினதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சாப்பாட்டுக்குச் சொன்ன சீயும் ஆமா. வேலைக்குச் சொன்ன சீயும் ஆமா. அப்போ நான் மீசையை முறுக்கிக் கேட்டதுக்கு மூணு சீ சொன்னாங்களே? மன்னிப்பெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம். முதல்ல போனை எடு. யாருடி அவன்?