எல்லாருக்கும் முதல் பந்தி

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். முதலாளி போன்ல பேசினா அவர் குரல் உடையக் கூடாது. அம்புட்டுதான்.

தொண்ணூறுகளோட கடைசி. பேண்டேஜ் துணி ஏற்றுமதி பண்ற கம்பெனி. ஹெட் ஆபீஸ் ராஜபாளையத்துல. நெசவும் பேக்கிங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்ல. அந்த யூனிட்டுக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். கம்ப்யூட்டர் ஆள்னா, பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் என்னைக் கூப்பிடுவாங்க, ஃபேன் ஓடலைன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.

ரெண்டு ஊருக்கும் நடுவுல வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லைன். மெயில், கணக்கு, இன்டர்நெட் எல்லாம் அதுலதான் போகணும், வரணும். முதலாளிக்கு ஒரு யோசனை வந்துச்சு. எப்படியும் வாடகை கட்டுறோம், போனையும் அதுலயே பேசினா என்ன?

பேசினாரு. இங்க யாராவது பெரிய ஃபைல் அனுப்புற நேரமாப் பார்த்து அவர் பேசினா, குரல் துண்டு துண்டா வரும். அவர் திட்டுறதுல பாதிதான் எங்களுக்கு வந்து சேரும். எங்களுக்கு அதுல பெரிய வருத்தம் இல்லை. அவருக்கு இருந்துச்சு.

புதுசா ஒரு ஸ்விட்ச் வாங்கி அனுப்பினாரு. எல்லாக் கம்ப்யூட்டரோட ஒயரும் வந்து சேர்ற பெட்டி. அது லைன்ல போறதையும் வர்றதையும் ரெண்டு வரிசையா நிறுத்தும். முதல் வரிசை காலியானாத்தான் ரெண்டாவது வரிசைக்கு வழி விடும். முதலாளி குரலை முதல் வரிசையில போடணும், மத்தது எல்லாத்தையும் ரெண்டாவதுல போடணும். போட்டு முடிச்சேன். வேலை சுத்தம்!

அதோட வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.

அந்தப் பெட்டி மேனேஜர் ரூம்லதான் இருந்துச்சு. "என்னலே நோண்டுத?"ன்னு கேட்டாரு. நான்தான் மேதாவியாச்சே, அவருக்குப் புரியுற மாதிரி விளக்க ஆரம்பிச்சேன்.

"கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி சார். முதலாளி முதல் பந்தி. அவர் எந்திரிச்ச பொறவுதான் நாமெல்லாம்."

அவர் முகம் மாறிப் போச்சு. "அப்ப நான் ரெண்டாம் பந்தியா?"

எங்க பக்கத்துல ஒரு மனுஷனை என்ன வேணாலும் சொல்லிட்டுத் தப்பிச்சிரலாம். ரெண்டாம் பந்தின்னு சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது. முதல் பந்தியில கூப்பிடலைன்னு அக்கா வீட்டோட பேச்சை நிறுத்தினவங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க.

"முதலாளி மக கல்யாணத்துலயே எனக்கு முதல் பந்திலதான் இலை போட்டாவ. எந்திரிக்கச் சொல்ல நீ யாருலே?"

அவரை முதல் வரிசைக்கு ஏத்தினேன்.

ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள்ள விஷயம் யூனிட் முழுக்கப் பரவிருச்சு. கேஷியர் அண்ணாச்சி வந்தாரு. "மேனேசர் நேத்து வந்தவரு. நான் மொத தறி ஓடுன அன்னைக்கே இங்க இருந்தவன். அவரு முன்ன, நான் பின்னயா?"

அவரையும் ஏத்தினேன்.

அடுத்தது செக்யூரிட்டி சுபேதார் ஐயா. பட்டாளத்துலேர்ந்து ரிட்டயர் ஆகி வந்து எங்க கேட்டைக் காக்குறவரு. லாரி வரவு போக்கைப் பதிய அவருக்கும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. "பார்டர்ல மொத ஆளா நின்னவனைக் கடைசில நிறுத்துதியா?"ன்னு கேட்டாரு. தேசபக்தி விஷயம்! ஏத்தினேன்.

சாயங்காலம் பார்த்தா ரெண்டாம் பந்தியில மிச்சம் ரெண்டே பேரு. ஒண்ணு நான். கோவிச்சுக்கிறதுக்கு எனக்கு வயசு பத்தலை. இன்னொண்ணு ஏற்றுமதிப் பேப்பர் பாக்கிற பிலோமினா அக்கா. அவங்க வந்து கேட்கவே இல்லை. அவங்களுக்கு வேலை இருந்துச்சு.

மறுநாள் அவங்கதான் கூப்பிட்டாங்க. "தம்பி, செத்த இங்க வாரியா?"

போனேன். தூத்துக்குடியில கன்டெய்னர் நிக்குது. அன்னிக்கே கப்பல். பேக்கிங் லிஸ்ட்டும் துணி சோதனைச் சான்றிதழும் ராஜபாளையம் போய்ச் சேரணும். முதலாளி கையெழுத்துப் போட்டதும், கப்பல் ஏஜென்ட்டோட ஆள் மதியம் அங்கேயே சாப்பிட்ட கையோட கார்ல தூத்துக்குடிக்குக் கொண்டு போயிருவாரு. அக்கா சான்றிதழை எல்லாம் ஸ்கேன் பண்ணிக் காலையிலயே அனுப்பிட்டாங்க. திரையில ஒரு நீலக் கோடு நகரணும். அது நகரவே இல்லை.

"கொஞ்ச நேரம் பாப்போம்க்கா."

நாங்க கோட்டைப் பார்த்தோம். கோடு எங்களைப் பார்த்துச்சு.

"இன்னொரு தடவை கப்பலை விட்டா, பேப்பர் வேலையை ராஜபாளையத்துக்கு மாத்திருவேன்னு முதலாளி சொல்லிட்டாவ. என்னையத் திரும்பப் பேக்கிங் டேபிளுக்கு அனுப்பிருவாவ தம்பி. நின்னு நின்னு காலு வீங்குன வேலை அது. டைப் படிச்சு, பரீட்சை எழுதி, இந்த நாற்காலிக்கு வந்திருக்கேன்."

அக்கா அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. இது என்னால வந்த வினை.

முதல் பந்தியில அப்படி என்னதான் பரிமாறுறாங்கன்னு பார்க்க ஓடினேன்.

மேனேஜர் ரூம். அவர் மகனுக்குப் பொண்ணு பார்க்குறாங்க. அமெரிக்காவுலேர்ந்து மச்சான் போட்டோ அனுப்பியிருக்காரு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆல்பம். படம் மேலேர்ந்து கீழா கோடு கோடா இறங்கிட்டு இருக்கு. புருவம் வரைக்கும் வந்திருக்கு.

"சார், ஒரு பத்து நிமிஷம் மட்டும் உங்களை ரெண்டாவதுல..."

"மூக்கு வார நேரம் பாத்து வாரியேலே! போ, கேஷியரை எறக்கு."

கேஷியர் அண்ணாச்சி, கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கிற மொத்தக் கணக்கையும் ராஜபாளையத்துக்கு அனுப்பிட்டு இருந்தாரு.

"யாரு அண்ணாச்சி கேட்டா?"

"யாரும் கேக்கல. முன்னால எடம் கெடச்சிருக்குல்லா, சும்மா எதுக்கு விடணும்?"

"கொஞ்சம் எறங்குங்களேன்."

"மேனேசரை எறங்கச் சொல்லு, அடுத்த நிமிசம் நான் எறங்குதேன்."

கேட்டுக்கு ஓடினேன். சுபேதார் ஐயா நிமிர்ந்து உக்காந்து டெல்லி அணிவகுப்பு வீடியோ பார்த்துட்டு இருந்தாரு. திரையில ஒரு சிப்பாய் காலைத் தூக்கியிருக்கான். தூக்கினவன் இன்னும் கீழ வைக்கலை.

"அவன் காலை வைக்காம நான் அசைய மாட்டேன்"னு சொல்லிட்டாரு.

சொல்லாம கொள்ளாம மாத்திரலாம்னா, பெட்டி மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால இருக்கு. பொண்ணுக்கு மூக்கு வர்ற வரைக்கும் அவர் அந்தப் பக்கம் காத்தைக்கூட விடலை.

சரி, முதலாளிகிட்டயே சொல்லிருவோம்னு லைன் போனை எடுத்தேன். "என்னட... குர... நேத்துத்தான... உன்னைய..."ன்னு துண்டு துண்டா வந்துச்சு. எல்லாரும் முதல் பந்தியில ஏறினா முதலாளிக்கும் இலை கிடைக்காதுன்னு அப்பதான் எனக்கே உறைச்சுது. சாதா போனுக்குப் பூட்டு. சாவி மேனேஜர் இடுப்புல.

"அக்கா, ஃபிளாப்பில போடுங்க. நானே கொண்டு போறேன்!"

நாலு ஃபிளாப்பி ஆச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ராஜபாளையம் பஸ்ல நிக்கக்கூட இடமில்லை. நாலு ஃபிளாப்பியையும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னேன். "கையில என்ன, முட்டையா?"ன்னு கண்டக்டர் கேட்டாரு.

பேப்பரையே எடுத்துட்டுப் போயிருக்கலாமேன்னு நீங்க கேட்பீங்க. பாதி வழியில, மம்சாபுரம் விலக்கு வந்தப்போ நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டேன். படிச்சவன் இல்லையா, எனக்குத் தோணலை.

ஹெட் ஆபீஸ்ல போய் இறங்கினப்போ ஏஜென்ட் ஆள் ரசத்துல இருந்தாரு. "மோர் ஊத்துனதும் கெளம்பிருவேன் தம்பி"ன்னாரு.

முதல் ஃபிளாப்பி திறந்துச்சு. ரெண்டாவது திறந்துச்சு. மூணாவதும் திறந்துச்சு. நாலாவது, சான்றிதழ் இருக்கிறது, கரகரன்னு இழுத்துட்டு, படிக்க முடியலைன்னு சொல்லிருச்சு. ஊதினேன். துடைச்சேன். சட்டையில தேய்ச்சேன். கும்பிட்டேன்.

முதலாளி பின்னால வந்து நின்னாரு. ஏஜென்ட் ஆள் மோர் ஊத்திக்கிட்டாரு. இனிமே பிலோமினா அக்கா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு நினைச்சேன். நிஜமாவே கண்ணு கலங்கிருச்சு.

அப்போ பக்கத்துக் கம்ப்யூட்டர்ல டிங்குன்னு ஒரு சத்தம். அக்கா அனுப்பின ஃபைல்! பின்னாலயே இன்னொண்ணு. அடுத்து இன்னொண்ணு. ஏஜென்ட் ஆள் கை கழுவி வெத்தலை போட்டு முடிக்கிறதுக்குள்ள சான்றிதழ் மொத்தமும் வந்து விழுந்துருச்சு.

நடந்தது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல சாப்பாட்டு மணி அடிச்சிருக்கு. பொண்ணு மூக்கையும் சிப்பாய் காலையும் அப்படியே விட்டுட்டு, மூணு பேரும் கம்ப்யூட்டரை அணைச்சு, தூசி படாம உறை போட்டு மூடிட்டு சாப்பிடப் போயிட்டாங்க. முதல் வரிசை காலி. அக்காவுக்கு வழி கிடைச்சிருச்சு.

கையெழுத்து ஆச்சு. கார் போச்சு. கப்பலும் கிடைச்சுது. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தாரு.

"பெரிய ஆளுங்க எல்லாரும் சாப்பிடப் போனாத்தான் கம்பெனி ஓடுமாடா?"

நான் நாலாவது ஃபிளாப்பியை எடுத்துச் சட்டைப் பையில போட்டேன். அவரே தொடர்ந்தாரு.

"பிலோமினாவை என் பக்கத்துல முதல் பந்தில போடு. மத்தவனை எல்லாம் எறக்கு. ஆனா, நான் சொன்னேன்னு சொல்லாத." அவருக்கும் பயம் இருந்துச்சு.

திரும்பி வந்து அக்காவை ஏத்தினேன். மத்தவங்களை இறக்க வாய் திறக்குறதுக்குள்ள மேனேஜரே வந்துட்டாரு. பின்னால கேஷியர் அண்ணாச்சி, சுபேதார் ஐயா.

"ஏலே, பிலோமினாவும் முதல் பந்தியாமே? அப்ப எங்களுக்கு அதைவிடப் பெருசா ஒண்ணு போடு."

ரெண்டாம் வரிசைக்கு 'விசேஷப் பந்தி'ன்னு பேர் மாத்தி, மூணு பேரையும் அதுல உக்கார வச்சேன். நான் வேலையை விட்டு வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஒரு குறை சொல்லலை.