மாடிப்படிக்கடியில் ஒரு தாம்பூலப் பை

போலீஸைக் கண்டால் எல்லாருக்கும் பயம் என்பார்கள். போலீசுக்கு எதைக் கண்டால் பயம் என்று யாரும் கேட்பதில்லை. ரவுடி, கலவரம், மேலதிகாரி என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். எனக்குப் பள்ளிக்கூடம். படிக்கிற காலத்தில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்தேன். தலைமைக் காவலராகி, இடுப்பில் பெல்ட்டும் சட்டைக் கையில் பட்டையுமாகப் போனபோது ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒருவனுக்குப் பயந்தேன். அவன் என் மகன்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் சரகத்தில் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு காவலர் என்று போட்டார்கள். காலையில் வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்த வேண்டும். மற்ற நேரத்தில் பிள்ளைகளோடு பழக வேண்டும். கஞ்சா, கேலி, கைப்பேசித் தொல்லை என்று எதுவானாலும் அவர்களாக வந்து நம்மிடம் சொல்லும்படி நடந்துகொள்ள வேண்டும். பந்தோபஸ்து கிடையாது, இரவு ரோந்து கிடையாது. வசந்தாவுக்கு அடிச்சதுடா யோகம் என்று ஸ்டேஷனே பொறாமைப்பட்டது. எந்தப் பள்ளி என்று பார்த்தால், மயிலாப்பூரில் என் மகன் தினேஷ் படிக்கிற அதே பள்ளி. (மாற்றித் தரச் சொல்லி இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினேன். பையனும் கண் பார்வையில் இருப்பான், நல்லதுதானே என்றார். அவர் வீட்டில் பதினாலு வயதுப் பிள்ளை இல்லை.)

அன்று ராத்திரி மந்தைவெளி வீட்டில் தினேஷ் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நிபந்தனை போட்டான்.

"ஸ்கூல்ல நீ யாரோ, நான் யாரோ. என்னைப் பாத்து சிரிக்கக் கூடாது. நான் உன்ன மேடம்னுதான் கூப்டுவேன்."

"ஏன்டா, அம்மான்னு சொன்னா கேவலமா?"

"கேவலம்லாம் இல்லமா. போலீஸ்காரம்மா புள்ளன்னு தெரிஞ்சா எவனும் எங்கிட்ட பேச மாட்டான். போட்டுக் குடுத்துருவேன்னு நெனைப்பானுங்க."

அவன் முன்பு படித்த பள்ளியில் அதுதான் நடந்தது. ஒருநாள் யூனிஃபார்மோடு போய் அவனை அழைத்து வந்தேன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். டிபன் பாக்ஸ் பாதி பாதியாகத் திரும்பி வந்தபோது, என் சமையல்தான் காரணம் என்று நான் வேறு கோபித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பள்ளிக்கு ஜூன் மாதம்தான் மாறியிருந்தான். நாலைந்து சிநேகிதர்கள் கிடைத்திருந்தார்கள். அதை நான் கெடுத்துவிடக் கூடாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சத்தியம் செய்தது சுலபம். காப்பாற்றுவதுதான் கஷ்டம். அவன் எதிரே வந்தால் எங்கே சிரித்துவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழுதேவிட்டது. நான் வராந்தாவில் நடந்தால் வகுப்புகள் ஒவ்வொன்றாக அமைதியாகும். ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள். தலைமையாசிரியை ஸ்டெல்லா மிஸ் மட்டும் கவலைப்பட்டார். சாந்தோம்காரர், மென்மையாகப் பேசுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளைகள் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள், இதுவரை ஒரு குழந்தையாவது வந்து ஏதாவது சொன்னதா என்று கேட்டார். ஒரு பையன் வந்து கழிவறை எங்கே என்று கேட்டதைச் சொன்னேன். (அவனும் புதிதாகச் சேர்ந்தவன்.)

இப்படியே காலாண்டுத் தேர்வு வந்தது. நகரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்து எல்லாரையும் அலைக்கழித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒன்றும் இருக்காது, ஆனால் எங்களுக்கு உத்தரவு ஒன்றுதான்: அநாதையாகக் கிடக்கும் பொருள் எதுவானாலும் தொடாதே, தகவல் கொடு, ஆட்களை வெளியேற்று.

அன்று காலைத் தேர்வு நடந்துகொண்டிருக்கையில் வாட்ச்மேன் கன்னியப்பன் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மேடம், மாடிப்படிக்கு அடியில ஒரு பை கீது. ஆரோ ஒளிச்சு வெச்சிக்கிறான். உள்ள டிக்கு டிக்குன்னு சத்தம் வர்து."

போய்ப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு மஞ்சள் துணிப் பை. எட்ட நின்று காதைக் கொடுத்தேன். டிக் டிக். மேலே பள்ளிக்கூடம் மொத்தமும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. அதில் என் பிள்ளையும் இருந்தான். கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஸ்டெல்லா மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் ஒருமுறை சிலுவைக்குறி போட்டுக்கொண்டு மணியடிக்கச் சொன்னார்.

பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். கணக்குப் பரீட்சை நின்றுபோன சந்தோஷம் பலர் முகத்தில் தெரிந்தது. நான் மட்டும் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் தினேஷைத் தேடினேன். கண்டுபிடித்தபோது உயிர் வந்தது. அவன் முகத்தில்தான் உயிர் இல்லை. மாடிப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வரிசையை விட்டு என்னை நோக்கி வந்தான்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும்."

பயந்துவிட்டான் பாவம், அம்மாவைத் தேடி வருகிறான் என்று நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சத்தியம் செய்திருக்கிறேனே. அவன் சிநேகிதர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தை இறுக்கிக்கொண்டு, "லைன்ல போய் நில்லு தம்பி" என்றேன். போனான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தான். "மேடம், அந்தப் பை..." என்று ஆரம்பித்தான். பையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, வதந்தி பரவினால் வாசலில் கூடியிருக்கிற பெற்றோர் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அதட்டி அனுப்பினேன். என்ன ஒரு கடமை உணர்ச்சி. அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். கூடவே மோப்ப நாய். நாய் பையை மோந்து பார்த்துவிட்டு அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வெடிமருந்து இருந்தால்தான் அது உட்காரும், அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். தகவல் கேட்டு வந்திருந்த எங்கள் எஸ்.ஐ. முகம் மாறியது. எல்லாரையும் இன்னும் பின்னால் தள்ளச் சொன்னார். நான் இஷ்ட தெய்வம் ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டேன், கபாலீஸ்வரரிலிருந்து சாந்தோம் மாதா வரை. (நாய் வாலாட்டிக்கொண்டும் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.)

தலை முதல் கால் வரை கவசம் போட்ட ஒருவர், கொக்கி மாட்டிய நீளக் கயிற்றால் பையை வெளியே இழுத்தார். பை சரிந்தது. மணி அடிக்க ஆரம்பித்தது.

எஸ்.ஐ. தரையில் படுத்தார். கன்னியப்பன் படுத்தார். ஆசிரியர்கள் படுத்தார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டு குனிந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். வீரத்தால் இல்லை. அந்த மணி முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்புறம் வீறிட்டு அடித்தது. கல்யாணமான நாள் முதல் விடியலில் என் மண்டையில் அடித்து எழுப்புகிற மணி அது. தூக்கத்தில்கூட எனக்கு அடையாளம் தெரியும்.

"சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சார், அது எங்க வீட்டு அலாரம்."

பையைத் திருப்பினார்கள். என் தங்கை கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. மணமக்கள் பெயருக்குக் கீழே, அன்புடன் அக்கா வசந்தா, தலைமைக் காவலர், மயிலாப்பூர் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. (போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னதே நான்தான்.) உள்ளே டிபன் பாக்ஸில் சோறும் நெத்திலி வறுவலும். நாய் உட்கார்ந்த காரணம் அதுதான்.

நடந்தது இதுதான். நான் விடிந்ததும் கிளம்பிவிடுவதால் சாப்பாடு கட்டுவது என் வீட்டுக்காரர். தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிற மனிதர். எதையும் ஒரே மடிப்பில் முடிப்பார். தினேஷின் லஞ்ச் பேக் ஜிப் அறுந்திருந்ததால் தாம்பூலப் பையை எடுத்திருக்கிறார். நினைத்தபோது அடிக்கிற அந்த அலாரத்தையும் அதிலேயே போட்டு, சாயங்காலம் மாடவீதியில் ரிப்பேருக்குக் கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். பள்ளி வாசலுக்கு வந்த பிறகுதான் பையன் பையில் இருந்த என் பெயரைப் பார்த்திருக்கிறான். யாரும் படித்துவிடக் கூடாது என்று மாடிப்படிக்கடியில் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறான்.

தினேஷ் வரிசையிலிருந்து வெளியே வந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"நான்தான் ரெண்டு தபா சொல்ல வந்தேனேமா. நீதான் தம்பி தம்பின்னு தொரத்திட்ட."

அவ்வளவு பேர் முன்னால் அவன் அம்மா என்று சொன்னது எனக்கு இனிக்கவில்லை. எதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனோ அதை நானே போட்டு உடைத்துவிட்டேன். மன்னிச்சிடுடா என்றேன். அதற்குள் வரிசையில் எவனோ சிரித்தான். பிறகு மொத்தப் பள்ளியும் சிரித்தது. ஸ்டெல்லா மிஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எஸ்.ஐ. நல்லவர், உத்தரவுப்படி நடந்துகொண்டார் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அதைவிட மறுநாள் மதிய இடைவேளைதான் பெரிய பயமாக இருந்தது. வராந்தாத் தூண் பின்னால் நின்று பார்த்தேன். தினேஷைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நாய் உட்கார்ந்த நெத்திலி எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். டிபன் பாக்ஸ் அன்று துடைத்தமாதிரி காலியாகத் திரும்பி வந்தது. அந்த வாரத்திலேயே ஒரு பெண் வந்து, "அலாரம் மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா?" என்றாள். தன் சொந்த அலாரத்துக்கே வெடிகுண்டு நிபுணர்களைக் கூப்பிட்டவளைக் கண்டு யார்தான் பயப்படுவார்கள்?

இப்போதும் எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால், தாம்பூலப் பையை என்னிடம் நீட்டும்போது முதலில் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறார்கள். தங்கை புருஷன் ஒரு படி மேலே போய், மண்டபத்தைக் காலி பண்ணச் சொல்லட்டுமா என்று கேட்பார்.

தினேஷ் இப்போது பெருங்குடியில் வேலைக்குப் போகிறான். வீட்டில் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். எப்போதாவது ஒருநாள், சொல்லத் தயங்குகிற விஷயம் ஏதாவது இருந்தால், சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு "மேடம், ஒரு விஷயம்" என்பான். அடுப்பில் என்ன கொதித்தாலும் சரி, அணைத்துவிட்டுத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்து நிற்கிறேன்.