தகடு உட்கார்ந்த மேஜை

காஞ்சிபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் விடிவுகாலம் பிறந்துவிட்டது. மேஜைச் சித்தர் வந்துவிட்டார்! சமைப்பது, தூங்குவது, பிழைப்பது எல்லாம் ஒரே அறையில் என்றால் மேஜை குப்பையாகத்தானே இருக்கும் என்பீர்கள். அது உங்கள் அறியாமை. மேஜையில் ஒரு பீடை குடியேறி, அதுதான் சாமான்களை இழுத்துப் போட்டுக்கொள்கிறதாம். கேட்டதும் ஓரிக்கை, கூரம், மாகறல் என்று ஷேர் ஆட்டோ நிரம்ப ஜனம் வந்து இறங்கியது. சித்தரின் பூர்வாசிரமப் பெயர் சிட்டிபாபு. போன வருஷம்வரை குக்கர் விற்றுக்கொண்டிருந்தார். ஞானம் யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியுமா?

காவேரியும் வரிசையில் நின்றாள். பட்டுப்புடவை முந்தானைக்குக் குச்சு கட்டுவது அவள் தொழில். வீட்டில் இருப்பது ஒரே மேஜை. மிக்சி, மருந்து டப்பா, சார்ஜர், ரசச் சட்டி எல்லாம் அதன்மேல்தான்; மிஞ்சிய இடத்தில் எவளோ ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு. போன மாதம் முகூர்த்தப் புடவை ஒன்றில் ரசம் தெறித்துவிட்டது. கடைக்காரர் கோதண்டபாணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இன்னொரு கறை பட்டுச்சுன்னா உனக்கு வேலை கெடையாதும்மா." அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பயந்தவளைப் பிடிக்கச் சித்தருக்குச் சொல்லியா தர வேண்டும்?

பீடையை விரட்ட, சிவப்புத் துணியில் சுற்றிய செப்புத் தகட்டைக் கொடுத்தார். காணிக்கைத் தொகையைக் கேட்டதும் காவேரிக்கு இருமல் வந்தது; ஆனாலும் கொடுத்தாள்.

"மேஜை மேல இது மட்டும்தான் இருக்கணும். வேற பொருள் வந்தா சக்தி செத்துரும். துணிய அவுத்தா கண்ணு போயிரும். வெள்ளிக்கெழம நானே வந்து சக்தி பாக்குறேன்" என்றார் சித்தர்.

மேஜை பளிச்சென்று ஆனது. மிக்சி தரைக்கு வந்தது. மருந்து டப்பா தரைக்கு வந்தது. பட்டும் காவேரியும்கூடத் தரைக்கு வந்தார்கள். தகடு மட்டும் ஜமீன்தார் மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது.

பக்கத்துப் போர்ஷன் லில்லி ஆட்டோ ஓட்டுகிறவள். உள்ளே வந்தவள் புடவையை மிதித்துவிடாமல் ஒற்றைக் காலில் நின்றாள்.

"இன்னாக்கா இது? தகடு மேல ஒக்காந்துக்கினு இருக்குது, நீ தரையில கெடக்குற?"

"சும்மா இருடி. மேஜை எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு. எல்லாம் சக்தி."

"சாமான எடுத்து வெச்சது நீயா, தகடா?"

லில்லி சட்டென்று துணியை அவிழ்த்தாள். காவேரி அலறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுக்கா. மூலையில ஒட்டட இருக்குது, அத அடி."

தகடு குப்பைக் கூடைக்குப் போனது. பால் சட்டியின் எவர்சில்வர் மூடி சிவப்புத் துணிக்குள் வந்தது. "வெள்ளிக்கெழம சித்தர் சக்தி பாக்க வர்றாருல்ல? மாத்துனது தெரியுதான்னு பாப்போம்" என்றாள் லில்லி. அதுவரை காவேரி மேஜைப் பக்கமே திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை சித்தர் வந்தார். பின்னாலேயே தெருவும் தகடு வாங்கிய கூட்டமும் வந்தன. நூலில் கட்டிய பித்தளைக் குண்டை மேஜைமேல் தொங்கவிட்டார். அது கிறுகிறுவென்று சுற்றியது.

"ஆஹா! குபேர சக்தி பொங்குது! இந்தத் தகடு மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல!"

"அக்கா வீட்டுப் பால் சட்டி மூடிய நீங்க பாத்திருக்க மாட்டீங்க சாமி" என்று லில்லி துணியை உதறினாள். மூடி மேஜையில் உருண்டு கணகணத்தது. வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"தகடு எங்க?" என்றார் சித்தர்.

"உங்க காலாண்ட இருக்குற குப்பக் கூடையில. குண்டு சொல்லலியா?"

சிட்டிபாபு லேசுப்பட்டவரா? "பக்தை கை பட்டு மூடியே தகடாயிருச்சு!" என்றார்.

காவேரிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கிட்ட இன்னும் நாலு மூடி இருக்குது. அப்போ உன் தகடு எதுக்குய்யா? வாங்கின காணிக்கைய எடு!"

கூட்டம் அதையே திருப்பிக் கேட்டது. சித்தருக்குத் திடீரென்று பூஜை ஞாபகம் வந்தது. ஆனால் கூட்டத்தில் நின்ற ஓரிக்கை ராஜவேலு அவர் சட்டையை விடவில்லை. எல்லாருக்கும் பணம் திரும்பியது.

மறுநாள் காவேரி சுவரில் இரண்டு பலகை அடித்தாள். சாமான் எல்லாம் மேலே ஏறியது. துடைத்த மேஜையில் பட்டை விரித்துக் குச்சு கட்ட உட்கார்ந்தபோது, முந்தைய நாள் கூட்டத்தில் நின்ற கூரத்துக்காரி சங்கரி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"அக்கா, அந்த மூடி ஒண்ணு குடுக்குறியா? குண்டு நல்லாத்தானே சுத்துச்சு?"

காவேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலியா வெச்சுக்க வேண்டியது மேஜையத்தாம்மா. தலைய இல்ல."