இடியோபதிக் அன்ஹைட்ரியா

குடிநீர் அலுவலகத்து உதவிப் பொறியாளரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தெற்குத் தெருவில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால், "தெரியலைங்க, தோண்டித் தேடிக்கிட்டிருக்கோம்" என்று உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் காலையானால் தெருவே காலிக் குடங்களோடு வந்து அவர் மேசையைச் சூழ்ந்துகொள்ளும்.

"இன்னொரு தடவை இந்தக் கூச்சல் என் காதுல விழுந்தா மூட்டையைக் கட்டிக்குங்க" என்று மேலதிகாரி எச்சரித்துவிட்டார். மகளுக்கு இப்போதுதான் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் மைத்துனர்தான் வழி சொன்னார்.

"தெரியலைன்னு ஏன் அத்தான் சொல்றீங்க? காரணம் தெரியாத நோய்க்கு டாக்டருங்க 'இடியோபதிக்'னு பேர் வெச்சிருக்காங்க. கிரேக்க வார்த்தை. நோயாளி கும்பிட்டுட்டுப் போறான். 'ஹைட்ரோ'ன்னா தண்ணி. முன்னால 'அன்' போட்டா இல்லைன்னு அர்த்தம். இடியோபதிக் அன்ஹைட்ரியா!"

"அதாவது?"

"காரணம் தெரியலை, தண்ணி இல்லை."

மறுநாள் உதவிப் பொறியாளர் அந்தப் பெயரை, கிரேக்கம் என்பதையும் சேர்த்து, தெருக்காரர்களிடம் அப்படியே சொன்னார்.

"கிரேக்கமா சார்?" தையற்கடைக்காரர் குடத்தைக் கீழே வைத்தார்.

"சுத்தமான கிரேக்கம்."

"பாத்தீங்களா, கண்டுபிடிச்சிட்டாங்க! நாமதான் வீணா கத்திக்கிட்டிருந்தோம்."

காரணம் கண்டறியப்பட்டுவிட்டபடியால், அதைத் தேடும் பணி உடனடியாக நிறுத்தப்பட்டது. மேலதிகாரி கை குலுக்கினார். வடக்குத் தெருவில் உடைந்த குழாயைச் சரிசெய்யப் போனவர்களை அந்தத் தெருக்காரர்கள் விரட்டியடித்தார்கள். "அவங்களுக்குக் கிரேக்கம், எங்களுக்கு மட்டும் ஓட்டையா? நாங்க என்ன இளக்காரமா?" அவர்களுக்கும் கிரேக்கம் வழங்கப்பட்டது.

ஒருநாள் தையற்கடைக்காரரின் மனைவி, நிறைமாதக்காரி, எங்கிருந்தோ குடம் சுமந்து வருவதை உதவிப் பொறியாளர் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே தையற்கடைக்குப் போனார்.

"ஐயா, அதுக்குப் பெரிய அர்த்தமெல்லாம் கிடையாது. காரணம் தெரியலை, தண்ணி இல்லை, அவ்வளவுதான். நீங்க மறுபடி வந்து கத்துங்க. கத்தினாத்தான் தோண்டுவாங்க."

தையற்கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிப்பு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க சார். எவ்வளவு பெரிய வார்த்தையை எப்படிக் கேவலப்படுத்துறீங்க!"

அன்றைக்கே தெரு திரண்டு மேலதிகாரியிடம் போய்க் கத்தியது. "கிரேக்கம் தெரிஞ்ச ஆபீசர் வேணும்!"

உதவிப் பொறியாளர் மூட்டையைக் கட்டினார். புதிதாக வந்தவர் கிரேக்கத்தில் வெளுத்துக் கட்டுகிறார். தெற்குத் தெரு தினமும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குடங்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போகிறது.