பதினோரு கோர்ஸ் முடித்த அங்கிள்

அமெரிக்காவுக்குப் படிக்க வந்த தமிழர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தாலும், எங்கள் தெரு கோர்ஸ் அங்கிள் அளவுக்குக் காசு கொடுத்துப் படித்தவர் ஒருவர்கூடத் தேற மாட்டார். அதுவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. அதுவும் ஒரே பாடத்தை, பதினோரு தடவை. ஃபெயிலாகி ஃபெயிலாகிப் படித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பதினொன்றிலும் பாஸ். எல்லாவற்றுக்கும் சர்டிஃபிகேட் உண்டு.

டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம். அங்கிள் வீடு எங்களுக்கு மூன்றாவது வீடு. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அவருடைய நிஜப்பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

அவர் படித்த பாடத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவர் பேங்கில் கடன் வாங்கி வீடு வாங்குகிறார். அந்தக் கடன் பத்திரத்துக்கு 'நோட்' என்று பெயர். கடன்காரர் ஒழுங்காகக் கட்டவில்லை என்றால் பேங்க் சில சமயம் அந்த நோட்டை விலை குறைத்து வேறு யாருக்காவது விற்றுவிடும். வாங்கியவருக்கு அதன் பிறகு மாதத் தவணை வந்து சேரும். வராவிட்டால் கோர்ட்டு, வக்கீல் என்று அலைந்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வியாபாரம் நிஜமான வியாபாரம்தான். அதைச் சொல்லித் தருகிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவர்களிடம்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டு வரி என்று சொல்லி ஏழெட்டு வரி ஆகிவிட்டது. அங்கிளுக்கு இதைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும். எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். மேஜிக் காட்ட வந்தவர் வேலை முடிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "வீடு வாங்காதீங்க சார், வீட்டு மேல இருக்கிற கடனை வாங்குங்க" என்று ஆரம்பித்தார். கேக் வெட்டி, சாப்பாடு முடிந்து, பலூன்களை உடைத்துக் குப்பையில் போடும்வரை அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. நாலு புறாவை மறைய வைத்தவருக்குத் தன்னை மறைய வைக்கத் தெரியவில்லை.

அங்கிள் வீட்டு கராஜில் கார் நிற்காது. கார்கள் இரண்டும் வெளியே வெயிலில் காய, உள்ளே ஏசி போட்டு கோர்ஸ் ஃபைல்களை வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டு, மூலையில் லேபிள் ஒட்டி, பெயர், வகுப்பு, பாடம் என்று எழுதியிருப்பார். வகுப்பு என்ற இடத்தில் 'மூன்றாவது', 'ஏழாவது' என்று கோர்ஸின் எண் இருக்கும். நமக்குத்தான் எந்த வேலையை எடுத்தாலும் முதலில் டியூஷன் சேர வேண்டுமே. சேர்ந்து, அட்டை போட்டு, ஹோம்வொர்க் எழுதி, வாத்தியாரிடம் குட் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி.

"கார் வெயில்ல கெடக்குது, காகிதம் ஏசில தூங்குது. என்ன பொழப்போ!" என்பார் ஆன்ட்டி.

அப்படிச் சொன்னாலும் ஆன்ட்டியும் பதினோரு கோர்ஸுக்கும் போனவர்தான். இந்த வகுப்புகளில் கணவனுக்குக் கட்டணம் கட்டினால் மனைவிக்கு இலவசம். இலவசத்தை விடலாமா? தோட்டத்து முருங்கையில் நாலு கொத்து ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய், ஹோட்டல் ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருப்பார். மேடையில் ஒருவர் கோடீஸ்வரர் ஆவது எப்படி என்று முழங்குவார். ஆன்ட்டி காம்பு தனி, இலை தனி என்று பிரிப்பார். நாள் முடிவில் கையில் உருப்படியாக ஏதாவது இருந்தது அவரிடம்தான்.

சரி, பதினோரு கோர்ஸ் படித்தவர் எத்தனை நோட் வாங்கினார்? ஒன்றுகூட இல்லை. பதினோரு தடவை நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டு, குளத்தில் பெருவிரலைக்கூட நனைக்காத மனிதர்.

இனி என் கதை. நான் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் சாஃப்ட்வேர் பிரிவில் இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் முடிந்துபோன ஒரு வீடியோ மீட்டிங்கில் என் வேலை போனது. அனுப்பும்போது கையில் கொடுத்த பணம் ஐந்து மாத வீட்டுத் தவணைக்குச் சரியாக இருக்கும். என் கணவர் செந்திலின் சம்பளம் குழந்தையின் டேகேருக்கும் மளிகைக்கும் இன்ஷூரன்ஸுக்குமே இழுபறி. அந்தப் பணம் கரைவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் வீட்டை விற்கவேண்டியதுதான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. இனி எந்த மேனேஜரும் பறிக்க முடியாத ஒரு வருமானம் வேண்டும் என்று மனசு கிடந்து துடித்தது. இந்த மாதிரி மனசு எங்கே இருக்கிறது என்று ஃபோனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ, மூன்றாம் நாளே விளம்பரம் வந்துவிட்டது. 'நீங்களே பேங்க் ஆகுங்கள். சனிக்கிழமை, அனுமதி இலவசம்.'

"போறதுக்கு முன்னாடி கோர்ஸ் அங்கிளை ஒரு வார்த்தை கேளு. பதினோரு வாட்டி போனவரு" என்றார் செந்தில்.

கேட்டேன். அங்கிள் முகம் மலர்ந்துவிட்டது. "பன்னெண்டாவது! எந்த ஹோட்டல் அம்மிணி? நானும் வர்றேன்" என்றார். ஆன்ட்டி முருங்கை ஒடிக்கக் கொல்லைப்பக்கம் போனார்.

ஃப்ரீவே ஓரத்து ஹோட்டல். மேடையில் ஏறியவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். திரையில் ஒரு வீட்டின் படம். நீலக் கதவு, வாசலில் சாய்ந்து நிற்கும் தபால் பெட்டி. அந்த வீட்டின் நோட்டைப் பாதி விலைக்கு வாங்கினாராம். கடன் கட்ட முடியாமல் தவித்த ஒரு தாய்க்குத் தவணையைக் குறைத்துக் கொடுத்தாராம். அந்தத் தாய் அவர் தோளில் சாய்ந்து அழுதாராம். ஹாலே கை தட்டியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அன்று அது என்னோடு வரவில்லை.

அப்புறம் விலை சொன்னார். முழு பயிற்சிக்கு எங்கள் மூன்று மாத வீட்டுத் தவணை. அதுவும் பாதி விலையாம், இன்றைக்கு மட்டுமாம், முதல் பதினைந்து பேருக்கு மட்டுமாம். திரையில் ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. ரயிலைத் தவறவிடப் போகிறவள் மாதிரி ஓடிப் போய் வரிசையில் நின்றேன். கையில் கார்டு. எனக்கு முன்னால் மூன்றே பேர்.

அப்போது அங்கிள் கை தூக்கினார்.

பணியாளர் ஒருவர் வந்து, கேள்விகள் கடைசியில் என்றார். அங்கிள் தலையாட்டினார், கையை மட்டும் இறக்கவில்லை. ஒரு கை வலித்ததும் மறு கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் மைக் வந்தது. அங்கிள் எழுந்து, தொண்டையைச் செருமி, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். தப்பு என் மேலகூட இருக்கலாம். இந்த நீலக் கதவு வீட்டோட நோட்டை என்னோட மூணாவது கோர்ஸ்ல ஒரு டல்லஸ்காரர் வாங்கினார். ஏழாவது கோர்ஸ்ல ஒரு அம்மா வாங்கினாங்க. ஒன்பதாவதுல ஒரு சின்னப் பையன் வாங்கினான். இப்போ நீங்க வாங்கியிருக்கீங்க. யார்கிட்டயிருந்து யாருக்குக் கை மாறுச்சுன்னு அந்த வரிசையைச் சொன்னா குறிச்சுக்குவேன்."

வெள்ளை ஷூக்காரர் சிரித்தார். பார்க்க ஒரே மாதிரி வீடுகள் நிறைய இருக்கும் என்றார்.

"அப்படித்தான் நானும் நெனைச்சேன் சார்" என்று அங்கிள் குனிந்து, காலடியில் இருந்த பையிலிருந்து, சந்தேகம் தீராமல் வகுப்புக்கு வகுப்பு தூக்கி வரும் பிரவுன் அட்டை போட்ட மூன்று ஃபைல்களை எடுத்து மேஜையில் விரித்தார். "ஆனா தபால் பெட்டி எல்லாத்துலயும் ஒரே பக்கமாத்தான் சாஞ்சிருக்கு. அளந்து பார்த்துட்டேன். கதவோரம் படுத்திருக்கிற பூனையும் அதே பூனைதான்."

முன் வரிசையில் நாலைந்து பேர் எழுந்து ஃபைலைப் பார்க்க வந்துவிட்டார்கள். வெள்ளை ஷூக்காரர் தண்ணீர் குடித்தார். கடன்காரரின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற ஒரு மாதிரிப் படத்தைப் போடுவது வழக்கம்தான் என்றார்.

அங்கிள் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு, நிஜமான கவலையோடு கேட்டார். "அப்போ அந்த அம்மா அழுதது சார்? அதுவும் மாதிரிதானா?"

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து, மைக் இல்லாமலே ஆன்ட்டியின் குரல் வந்தது. "ஏனுங்க, போதும், உக்காருங்க. அந்த மனுசனுக்கு வேர்த்து ஊத்துது பாருங்க!"

திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரையும் காணோம். கடிகாரம் மட்டும் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் கார்டைப் பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். ஐந்து நிமிடம் முன்னால் அங்கிள் கையை இறக்கியிருந்தால் என் மூன்று மாதம் போயிருக்கும்.

இதெல்லாம் செய்த மனிதர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? நேராகப் போய்ப் பெயர் கொடுக்கும் மேஜையில் நின்றார். "முழு கிளாஸ்ல வந்தா அந்த வரிசையை விளக்குறேங்கறாரு" என்றார் என்னிடம்.

"பர்ஸ் எங்கிட்ட இருக்குது. வண்டிக்கு வாங்க" என்றார் ஆன்ட்டி.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். மனசு பொறுக்கவில்லை. "அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. இவ்வளவு படிச்சும் நீங்க ஏன் ஒரு நோட்கூட வாங்கலை?" என்று கேட்டேன்.

"வாங்கறதுக்கா அம்மிணி போனேன்?" என்றார்.

அப்புறம் அவரே தொடங்கினார். "பைப்லைன்ல வெல்டிங் இன்ஸ்பெக்டரா முப்பது வருஷம். எங்க விரிசல் இருக்குன்னு நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் குழாய்ல கேஸ் போகும். நான் கேள்வி கேட்டா அத்தனை பேரும் நின்னு பதில் சொல்லோணும். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் யாருகிட்டப் போயிக் கேக்கறது? பையன்கிட்டக் கேட்டா 'அப்பா, ஐ ஆம் பிஸி'ங்கறான். இங்க போனா, மைக்கை நீட்டி 'எனி கொஸ்டின்ஸ்?'னு அவனே கேக்கறான்."

"அதுக்கு ஒவ்வொருவாட்டியும் ஒரு மாச மளிகைக் காசு" என்றார் பின் சீட்டிலிருந்து ஆன்ட்டி. "பெரிய கிளாஸுக்கு நான் ஒருநாளும் விட்டதில்ல கண்ணு. சின்னதோட சரி. அந்த மட்டும் சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்னு விடறதுதான்."

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

இந்த மாதிரி கோர்ஸில் சேரலாமா என்று என்னை இப்போதும் சிலர் கேட்கிறார்கள். தயங்காமல் சொல்கிறேன், பெரிய காசு கொடுத்துச் சேராதீர்கள். ஆசை இருந்தால் நூலகத்தில் புத்தகம் இருக்கிறது. எந்த வீட்டின் மேல் யாருடைய கடன் பதிவாகியிருக்கிறது என்பதைக் கவுண்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அலுவலகத்து வெப்சைட்டிலேயே பார்க்கலாம். மிச்ச சந்தேகத்துக்கு வக்கீலிடம் ஒரு மணி நேரம் போதும். சொல்லித் தருகிறவரிடம், 'நீங்கள் வாங்கிய நோட்டின் பதிவைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். அதில் அவ்வளவு லாபம் கொட்டுகிறது என்றால் சனிக்கிழமை ஹோட்டலில் வந்து தொண்டை கிழியக் கத்த அவருக்கு என்ன தலையெழுத்தா?

பதினொன்றில் ஒன்று நல்ல கோர்ஸ் என்று அங்கிளே சொல்வார். ஐந்தாவது. கம்யூனிட்டி காலேஜில் ஒரு வயதான பெண்மணி, கொஞ்சக் கட்டணத்துக்கு, தான் எப்படியெல்லாம் பணத்தைத் தொலைத்தேன் என்று ஆறு வாரம் சொல்லிக் கொடுத்தாராம். படம் இல்லை, கடிகாரம் இல்லை. கூட்டமும் இல்லையாம், மொத்தமே ஏழு பேர். அதில் இரண்டு பேர் அங்கிளும் ஆன்ட்டியும்.

நான் நோட் வாங்கவில்லை, வேலை தேடினேன். அங்கிள் என் ரெஸ்யூமேயை வாங்கி சிவப்புப் பேனாவால் விரிசல் விரிசலாகக் கோடு போட்டார். வாரம் மூன்று நாள் கராஜில் உட்கார வைத்து இன்டர்வியூ நடத்தினார். அவர் கேட்ட கேள்விகளுக்கு முன்னால் நிஜ இன்டர்வியூ எனக்குக் குழந்தை விளையாட்டாக இருந்தது. ஐந்தாவது மாதத் தவணை கட்டிய வாரமே வேலை கிடைத்தது. வீட்டை விற்கவில்லை.

இப்போதும் சனிக்கிழமை காலையில் அங்கிளிடம் போகிறேன். பதிமூன்றாவது கோர்ஸ் பேச்சு எழும்போதெல்லாம் ஆன்ட்டி எனக்கு ஃபோன் போட்டுவிடுவார். "அங்கிள், ஒரு சந்தேகம்" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்வேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். எனக்கு ஏற்கனவே பதில் தெரிந்த கேள்வியாகப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். தெரியாததைக் கேட்டால் பதிலைக் கவனிக்க வேண்டியிருக்கும். இது என்றால் அவர் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.